ஓடுகிற ஸ்டூடிபேக்கரைப் பார்த்தவர்கள் உண்டா?

இந்தியானாவிலிருந்து:

போன மாதம் மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. சவுத் பெண்டுக்குக் கூட்டிப் போனேன். நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டுவதுதான் திட்டம். மழை பிடித்துக்கொண்டதால், ஸ்டூடிபேக்கர் என்ற பழைய அமெரிக்கக் கார் கம்பெனிக்கான அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். நுழைந்ததும் குதிரை வண்டிகள். "இது கார் மியூசியம்னு சொன்னீங்களே மாமா" என்றான் பையன்.

கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1852-இல் ஹென்றி ஸ்டூடிபேக்கர், கிளெமென்ட் ஸ்டூடிபேக்கர் என்ற அண்ணன் தம்பிகள் 68 டாலர் முதலீட்டில் இந்த ஊரில் கொல்லுப் பட்டறை போட்டார்கள். இன்னொரு தம்பி ஜான், தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குப் போனவர், அங்கே சுரங்கத்துக்காரர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்றார். தங்கம் தோண்டியவர்கள் என்ன ஆனார்களோ, இவர் 1858-இல் 8,000 டாலரோடு ஊர் திரும்பி அதைப் பட்டறையில் போட்டார். உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு வண்டி, பிறகு 1902-இல் மின்சாரக் கார், 1904-இல் பெட்ரோல் கார். லிங்கன் சுடப்பட்ட அன்று மாலை நாடக அரங்குக்குப் போன குதிரை வண்டியும் இங்கேதான் இருக்கிறது. இவர்கள் செய்ததல்ல, பின்னாளில் வாங்கி வைத்தது.

மைத்துனர் நின்றுவிட்ட இடம் 1947 மாடல் கூபே, அதாவது இரண்டு கதவுக் கார். போர் முடிந்ததும் மற்ற கம்பெனிகள் பழைய 1942 காரையே துடைத்து விற்றுக்கொண்டிருந்தபோது, இவர்கள் முற்றிலும் புதிய உடலோடு வந்தார்கள். பின்பக்கக் கண்ணாடி வளைந்து பக்கவாட்டுவரை வருகிறது, டிக்கி பானட் அளவுக்கு நீளம். இந்தக் கார் வருகிறதா போகிறதா என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்களாம். மைத்துனர் இரண்டு முறை சுற்றி வந்துதான் முன்பக்கத்தை ஒப்புக்கொண்டார்.

எனக்குப் பிடித்தது 1962-இல் வந்த அவாண்டி. ரேமண்ட் லோவி குழுவின் வடிவமைப்பு, கண்ணாடி இழை உடல், முகப்பில் கிரில் கிடையாது. இன்றைக்குத் தெருவில் விட்டாலும் யாரும் பழைய கார் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்குள் கையில் பணம் தீர்ந்துவிட்டது. 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலைக்குப் பூட்டு. ஓய்வூதிய நிதியிலும் பணம் பற்றவில்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு முழுசாகக் கிடைத்தது. அதற்குக் கீழே 40 வயதுவரை இருந்த சுமார் 4,000 பேருக்குச் சேர வேண்டியதில் 15 சதவீதம்தான். இளையவர்களுக்கு ஒன்றுமில்லை. 1974-இல் அமெரிக்காவில் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, நான் பார்த்ததெல்லாம் கயிறு கட்டி நிறுத்தி வைத்தவை. உங்களில் யாராவது ஓடுகிற ஸ்டூடிபேக்கரைப் பார்த்ததுண்டா?

ரஷ்யாவில் மருத்துவம் படித்தவர்:

பார்த்திருக்கிறேன், ஆனால் கார் இல்லை, லாரி! நான் படித்த ஊரில் மே 9 வெற்றி நாள் ஊர்வலத்தில் பழைய ராணுவ வண்டிகள் வரும். பச்சை நிற லாரி ஒன்று, மூன்று அச்சு, முதுகில் கத்யூஷா என்ற இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோவியத் ராக்கெட்டை ஏவும் தண்டவாளங்கள். பக்கத்தில் நின்ற பாட்டி "ஸ்துதெபேக்கர்" என்று உறவுக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். ரஷ்ய ஊர்ப் பெயர் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். விடுதிக்கு வந்து தேடிய பிறகுதான் தெரிந்தது, அது இந்தியானா சரக்கு என்று.

யூஎஸ்6 என்ற அந்த மாடலை இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் சோவியத் யூனியனுக்குப் போனது. சேற்றில் ஆறு சக்கரமும் இழுக்கும் என்பதால் 1943 முதல் கத்யூஷாவை ஏற்ற இதுவே வாடிக்கையான வண்டி. ஆனால் அங்கே பல நினைவுச் சின்னங்களில் ராக்கெட்டுக்கு அடியில் சோவியத் லாரிதான் நிற்கும். அது அவர்கள் மானப் பிரச்சினை, நாம் தலையிட வேண்டாம்.

ஹாமில்டனிலிருந்து:

கதை 1963-இல் முடியேல்லை. அதுக்குப் பிறகும் இரண்டு வருசத்துக்கு மேலே இங்கே, கனடாவிலே, கார் செய்தவங்கள். போர்க்காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கி செய்த ஆலை அது. இயந்திரமும் தீர்ந்துபோக, செயின்ட் கேத்தரின்ஸில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை செய்த செவ்ரோலே வகை இயந்திரத்தைப் பூட்டி ஓட்டினவை. 1966 மார்ச் 17-இல் கடைசிக் கார் வெளியே வந்தது. நீலப்பச்சை நிறம். தம்பி, அது நீங்கள் போன அருங்காட்சியகத்தில்தான் நிற்கிறது, கவனிக்கேல்லையோ?

எங்கட தெருவில் ஒரு கிழவர் இருந்தவர். ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஸ்டூடிபேக்கர் லார்க் காரைக் கராஜிலிருந்து வெளியே எடுத்துக் கழுவி, தெருமுனை வரைக்கும் ஓட்டிப் போட்டுத் திரும்ப உள்ளே விடுவார். யாழ்ப்பாணத்தில் ஏ-போர்ட்டி எண்ட பழைய ஆஸ்டின் கார் வைச்சிருக்கிற ஆக்களும் இதே மாதிரித்தானே என்று நான் சொன்னதும், ஏ-போர்ட்டியைப் பற்றி ஒரு மணித்தியாலம் கேட்டவர்.

கோவையிலிருந்து:

தம்பிகளா, நான் ஓட்டியே பார்த்திருக்கிறேன். 1968-இல் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கையாளாகச் சேர்ந்தேன். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்காரர் ஒருவருடைய ஸ்டூடிபேக்கர் சாம்பியன் சர்வீசுக்கு வரும். அந்தக் காலத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இந்தக் காரைப் பூட்டி விற்றது. பெரிய அமெரிக்கன் கார்களுக்கெல்லாம் அப்போது டீசல் இன்ஜின் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைத் தொட விடமாட்டார்.

அதில் ஹில் ஹோல்டர் என்று ஒரு சாமான் உண்டு. 1936-லேயே கொண்டு வந்துவிட்டார்கள். பிரேக் ஆயில் போகிற வழியில் சின்னதாக ஒரு கூடு, அதற்குள் ஒரு இரும்புக் குண்டு. மேட்டில் மூக்கு தூக்கி நிற்கும்போது குண்டு பின்னால் உருண்டு வரும். கிளட்சை மிதித்தே வைத்திருந்தால் அது ஓட்டையை அடைத்துக்கொள்ளும், ஆயில் திரும்பாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி நிற்கும். கிளட்சை விட்டால் குண்டு விலகும், வண்டி ஏறும். கம்ப்யூட்டரும் கிடையாது, ஒயரும் கிடையாது. இப்போது ஹில் அசிஸ்ட் என்று ஷோரூமில் பெருமையாகச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில், உள்ளே என்னதான் இருக்கிறது என்று அந்தக் கூட்டைக் கழற்றினேன். குண்டு கையை விட்டு உருண்டு நேராகச் சாக்கடைக்குள் போய்விட்டது. ஓடிப்போய் சைக்கிள் கடையில் பேரிங் குண்டு ஒன்று வாங்கிப் போட்டு மூடினேன். ஷெட் தரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் எஸ்டேட்காரர் காரை நிறுத்தியதும் அது பின்னால் உருண்டு, பின்னால் நின்ற பஸ்ஸை உரசிவிட்டுத்தான் நின்றது. மேஸ்திரி அறைந்த அறை இன்னும் இடது காதில் இருக்கிறது. அப்புறம் அந்தக் கூட்டையே எடுத்துவிட்டு நேர் பைப் போட்டுக் கொடுத்தோம்.

சவுத் பெண்ட் தம்பி, அடுத்த தடவை போனால் அங்கே ஹில் ஹோல்டரைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்களா பாருங்கள். அந்தக் குண்டு என்ன சைஸ் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.