கரண்ட் போனால் ஈஈப்ராமில் கணக்கு அழிகிறது, உதவுங்கள்

வணக்கம். பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோப்பில், போர்வெல் மோட்டார் ஓடும் மணிக்கணக்கைச் சேமிக்க ஒரு போர்டு செய்தேன். அட்மெல் ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப், 16 மெகாஹெர்ட்ஸ், 5 வோல்ட். 10 நிமிடத்துக்கு ஒருமுறையும், மோட்டார் நின்றவுடனும் சிப்புக்குள் இருக்கும் ஈஈப்ராமில் (கரண்ட் இல்லாவிட்டாலும் தகவலை வைத்திருக்கும் நினைவகம்) எழுதும்.

நான்கு மாதமாக ஓடுகிறது. மூன்று வாரமாகத்தான் சிக்கல். மோட்டார் ஓடும்போது கரண்ட் போய் வந்தால், கணக்கு சில நேரம் 65535 என்று, அதாவது அழிந்த ஈஈப்ராம் காட்டும் எண்ணில், நிற்கிறது. நானே மோட்டாரை நிறுத்திவிட்டு, பிறகு சப்ளையைப் பிடுங்கினால் ஒன்றும் ஆவதில்லை.

தேய்மானம் இல்லை என்று நினைக்கிறேன். டேட்டாஷீட்டில் 1,00,000 முறை எழுதலாம் என்று இருக்கிறது, நான் அதிகம் போனால் 20,000 தாண்டியிருப்பேன். புது சிப் போட்டும் அதேதான். பிரவுன்-அவுட் ஃபியூஸை (வோல்ட் குறைந்தால் சிப்பை ரீசெட்டில் நிறுத்தும் செட்டிங்) 4.3 வோல்ட்டில் வைத்தாயிற்று, சப்ளையில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் சேர்த்தேன், ரிலே காயிலுக்கு டயோடும் இருக்கிறது. அப்புறம் ஈஈப்ராமின் முதல் இடமான முகவரி பூஜ்யத்தை விட்டு வேறு இடத்திலும் எழுதிப் பார்த்தேன்.

பக்கத்துத் தோட்டத்தோடு தண்ணீர் பங்கு இந்தக் கணக்கை வைத்துத்தான், அதனால் ஒரு மணி நேரம்கூடத் தவறக் கூடாது.

ஈஈப்ராமிலேயே இரண்டு இடத்தில் மாற்றி மாற்றி எழுதுவதா, வெளியே ஒரு எஃப்ரேம் சிப் (கரண்ட் போனாலும் அழியாத, வேகமாக எழுதும் இன்னொரு வகை நினைவகம்) போடுவதா, எது நம்பகமாக நிற்கும்?