[கலைச்சொல்] தாளில் சுற்றிய துப்பாக்கி மருந்துக்கு என்ன பெயர்? வெள்ளிக்குள் தேவை

செ.ந. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு காட்சிக்கூடத்துக்கான விளக்க அட்டைகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். 1790 முதல் 1815 வரையிலான பிரிட்டிஷ் காலாட்படை வீரன் உடம்பில் சுமந்த பொருள்கள்தான் கரு. அட்டைக்கு 40 சொல். அதற்குமேல் ஒரு சொல்லுக்கும் இடமில்லை. தண்ணீர்க் குடுவை, முதுகுப்பை, கழுத்தை நிமிர்த்திவைக்கும் தோல்பட்டை, சக்கிமுக்கிக் கல் எல்லாம் ஒருவாறு முடிந்தன. முட்டுக்கட்டையாக நிற்பது காட்ரிட்ஜ் ஒன்றுதான்.

இது பித்தளைக் குழாய் அல்ல. சரிவகமாக வெட்டிய தாளை மர உருளையில் சுற்றி, முனையில் ஈயக்குண்டை வைத்து நூலால் கட்டுவார்கள். உருளையை உருவிவிட்டு வெடிமருந்தைக் கொட்டி, வாலை மடித்துவிட்டால் வேலை முடிந்தது. குண்டு ஏறத்தாழ 30 கிராம், மருந்து 10 கிராமுக்குச் சற்று மேல். தோட்டா என்று எழுதினால் இன்றைய வாசகர் செய்தித்தாளில் வரும் ‘தோட்டா பாய்ந்து’ என்பதைத்தான் நினைப்பார். வேறு சொல் உண்டா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
செ.ந.

—

அ.பெ. எழுதியது:

அம்மா, ஐயமே வேண்டாம்: மருந்துச்சுருள்.

காட்ரிட்ஜ் என்பதே இத்தாலிய மொழியில் தாள்சுருளைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அவர்கள் பொருளைப் பார்த்துப் பெயரிட்டார்கள். நாம் மட்டும் ஏன் உருது வழி வந்த தோட்டாவைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்? வெடிமருந்தைத் தமிழர் மருந்து என்றே வழங்கினர். ‘மருந்து கெட்டித்தல்’ (துப்பாக்கிக்குள் மருந்தைத் திணித்தல்) என்பது பழகிய தொடர். மருந்தைச் சுருட்டியது மருந்துச்சுருள். அதை வைக்கும் பெட்டி சுருட்பெட்டி.

—

வை.து. எழுதியது:

> உருது வழி வந்த தோட்டாவைக்

பெரியவர் அவசரப்படுகிறார். தோட்டா தமிழ்தான். தோடு என்றால் இதழ், ஓலை. காதில் அணிந்த தோடும் முதலில் சுருட்டிய ஓலையே. சுருட்டிய தாளுக்குள் மருந்தை அடைத்ததும் தோடு ஆயிற்று. தோட்டு, தோட்டா என்று நீண்டது. வடக்கே போய்த் திரும்பி வந்த பிள்ளையை வேற்றாள் என்று வாசலில் நிறுத்தலாமா?

துப்பாக்கியும் அப்படியே. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற குறளில் துப்பு உணவு. பிற இடங்களில் துப்பு வலிமை. வலிமையை ஆக்குவது துப்பாக்கி.

—

ப.மு. எழுதியது:

வை.து. ஐயா, குறளில் வரும் துப்பாக்கி ‘துப்பு ஆக்கி’ என்னும் வினையெச்சம். ஆயுதத்தின் பெயர் துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டால் மழையைப் பற்றிய குறள் படைக்கலக் குறள் ஆகிவிடும். தோடு கதை அழகாக இருக்கிறது. ஆனால் தாள்தோட்டாவைத் தோடு என்று எழுதிய பழைய சான்று ஒன்றாவது காட்ட வேண்டாமா?

சொல்லுக்கு முன் பொருள் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்ப்போம். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். வீரன் குதிரையைப் பாதியளவு பின்னிழுத்து நிறுத்துகிறான். (குதிரை என்பது கல்லைக் கவ்வியிருக்கும் உறுப்பு. அகராதியில் இருக்கும் நல்ல சொல், அதை விட்டுவிடாதீர்கள்.) சுருளின் வாலைப் பல்லால் கடித்துத் துப்புகிறான். ஒரு சிட்டிகை மருந்தைப் பற்றுவாய்க் கிண்ணத்தில் (குழலின் பக்கத்தில் தீப்பொறி விழும் இடம்) இட்டு மூடுகிறான். துப்பாக்கியை நிமிர்த்தி மீதி மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைத் தாளோடு சேர்த்தே உள்ளே தள்ளிச் சலாகையால் (நீண்ட இடிகம்பி) இடிக்கிறான். சலாகையை உருவி அதன் இடத்தில் செருகுகிறான். பிறகு குதிரையை முழுதும் இழுத்துச் சுடுகிறான். பழகிய கைக்கு நிமிடத்துக்கு இரண்டு மூன்று வேட்டு.

இங்கே தாள் வெறும் உறை அல்ல. அது குண்டுக்கு அடைப்பாகவும் குழலுக்குள் போகிறது. குழலின் விட்டம் 0.75 அங்குலம், குண்டு ஏறத்தாழ 0.69 அங்குலம். வேண்டுமென்றேதான் இடைவெளி விட்டார்கள். கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்குமேல் திடப்பொருளாகவே மாறும். புகையோடு போனது போக மீதி கசடாகக் குழலில் படியும். குண்டு இறுக்கமாக இருந்தால் சில வேட்டுகளுக்குப் பிறகு உள்ளே இறங்காது. அந்த இடைவெளியில் குண்டு உருண்டு வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்வது இந்தத் தாள்தான்.

ஆகவே உறை, கூடு என்று முடியும் சொற்கள் ஆகா. அச்சுப்பொறி மைக்குச் சிலர் எழுதும் பொதியுறையும் ஆகாது. உறை என்றால் வேலை முடிந்தபின் மிஞ்சவேண்டும். இதில் ஒன்றும் மிஞ்சாது.

—

இ.த. எழுதியது:

வணக்கம் ஐயாமாரே. இலங்கையில் நாங்கள் ரவை என்றும் சன்னம் என்றும் சொல்வது பாய்ந்து போகிற பொருளை. ‘ரவைகள் மீட்பு’ என்று செய்தியில் வரும். மருந்தும் குண்டும் சேர்ந்த முழுப்பொருளுக்கு அது பொருந்தாது. தமிழ்நாட்டு வாசகர் ரவை என்றவுடன் அடுப்பை மூட்டிவிடுவார் என்பது வேறு கதை.

பொதிகுண்டு எப்படி? பொதிந்த குண்டு, வினைத்தொகை. சின்னச் சொல், அட்டையில் இடம் பிடிக்காது.

—

ப.மு. எழுதியது:

> பொதிகுண்டு எப்படி?

காதுக்கு இனிமை. ஆனால் பயிற்சிக்குக் குண்டே இல்லாத சுருளையும் கொடுப்பார்கள், மருந்து மட்டும் இருக்கும். அதை என்னவென்று சொல்வது, குண்டில்லாப் பொதிகுண்டா? குண்டு தலைச்சொல்லாக நிற்கக்கூடாது என்பது என் கருத்து.

—

அ.பெ. எழுதியது:

அதனால்தான் சொன்னேன், மருந்துச்சுருள். குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்து இருக்கும், தாள் சுருண்டிருக்கும்.

—

கோ.வி. எழுதியது:

வகுப்பறைப் பக்கத்திலிருந்து ஒரு குறுக்கீடு. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிப் பாடத்தில் ‘கொழுப்பு தடவிய தோட்டா’ என்ற தொடரைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படித்திருக்கிறார்கள். பல்லால் கடித்தார்கள் என்பதும் தெரியும். எனவே தோட்டா என்று எழுதினால் புரியாது என்பது சரியல்ல. மருந்துச்சுருள் என்று எழுதினால் மருந்துக்கடையில் விற்கும் பட்டைச் சுருள் என்று நினைப்பார்கள், அங்கேதான் புரியாது.

—

செ.ந. எழுதியது:

கோ.வி. ஐயா, புரிகிறதா என்பதுதான் கேள்வி. பித்தளைத் தோட்டாவை எதற்காகக் கடித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பதில்லையா? கேட்காவிட்டால் அந்தத் தொடர் மனப்பாடமாகத்தான் இருக்கிறது என்று பொருள்.

—

ப.மு. எழுதியது:

செ.ந. சொல்வது சரி. 1857 தோட்டாவும் தாள்தான், வேறு வகைத் தாள். 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்குச் சுழல்வரி (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளம்) வெட்டிய 0.577 அங்குலக் குழல். அதன் குண்டு உருண்டை அல்ல, நீண்டது. சுருளுக்குள் குண்டு மருந்தை நோக்கித் தலைகீழாக இருக்கும். மருந்துப் பக்க வாலைக் கிழித்து மருந்தைக் கொட்டியபின் சுருளைத் திருப்பி, கொழுப்பு தடவிய பக்கத்தைக் குழலில் செருகி, மேலே நிற்கும் தாளைக் கிழித்தெறிய வேண்டும். வாயில் படுவது ஒரு முனை, கொழுப்பு இருப்பது மறுமுனை. ஆனால் தோட்டாவைக் கையில் எடுக்காமல் முடியாது, கட்டுக்குள் ஒன்றோடொன்று உரசாமலும் இராது. மீரட்டில் 1857 ஏப்ரல் 24 அன்று 90 சிப்பாய்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி விதியை மாற்றியும் ஐயம் தீரவில்லை. தாள் என்ற சொல் பெயரிலேயே இல்லாவிட்டால் இந்தக் கதை பாதிகூடப் புரியாது.

—

கோ.வி. எழுதியது:

அப்படியானால் தாள்தோட்டா. தோட்டாவும் இருக்கிறது, தாளும் இருக்கிறது. முடிந்ததா?

—

அ.பெ. எழுதியது:

முடியவில்லை. ‘தாள்தோட்டா’ என்று இயல்பாக எழுத முடியாது. தாளால் ஆகிய தோட்டா, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ளகரத்தின் முன் தகரம் வந்தால் இரண்டும் டகரமாகும்: தாட்டோட்டா. வாள் + தடங்கண் = வாட்டடங்கண் என்பதை நினைவில் கொள்க.

—

வை.து. எழுதியது:

அல்வழியாகக் கொண்டால் தனிநெடிலை அடுத்த ளகரம் கெட்டுத் தாடோட்டா என்றாகும். வேள் + தீயன் = வேடீயன்.

—

இ.த. எழுதியது:

தாட்டோட்டாவோ தாடோட்டாவோ, அட்டையைப் படிக்கிற பிள்ளைக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். காகிதத் தோட்டா என்று எழுதினால் புணர்ச்சிச் சண்டையே இல்லையே.

—

அ.பெ. எழுதியது:

காகிதமும் பாரசீக வழி வந்தது. இரவல் வேட்டிக்கு இரவல் துண்டு!

—

வை.து. எழுதியது:

ஒரு கிளைச் செய்தி. படைக்கலமே கதை சொல்லும் என்பது நமக்குப் புதிதல்ல. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் சொன்னதை நினையுங்கள்: இங்கே உன்னிடம் உள்ள படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மனையில் கிடக்கின்றன, அங்கே அதியமானிடம் உள்ளவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொற்றுறைக் குற்றிலில் கிடக்கின்றன. கொல் + துறை, அதாவது கொல்லன் பட்டறை. உங்கள் அட்டைகளில் படையின் ஆயுதப் பட்டறை வந்தால் கொற்றுறை என்றே எழுதலாம்.

—

செ.ந. எழுதியது:

வை.து. ஐயா, கொற்றுறையை எடுத்துக்கொண்டேன், நன்றி. பட்டறை அட்டை ஒன்று இருக்கிறது. தோட்டாவுக்கு வருவோம்.

ப.மு. அண்ணா, பெட்டியைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள். பையா, பெட்டியா?

—

ப.மு. எழுதியது:

பெட்டி. வெளியே தோல், உள்ளே துளைகளிட்ட மரக்கட்டை, துளைக்கு ஒரு சுருள். அடியில் உதிரிச் சுருள்களுக்குத் தகரத் தட்டு. வலது இடுப்புக்குப் பின்னால் தொங்கும். மூடித்தோல் அகலமாகக் கீழே இறங்கியிருப்பது மழைக்காக. மருந்து நனைந்தால் பற்றாது. தாள் நனைந்தால் கையிலேயே பிய்ந்து மருந்து தரையில் கொட்டும். மரக்கட்டை இல்லாவிட்டால் நடக்கும்போது சுருள்கள் உரசிக் கிழிந்து, பெட்டியின் அடியில் மருந்துத்தூளும் உருளும் குண்டுகளும்தான் மிஞ்சும். பை என்றால் இந்தக் கட்டை மறைந்துபோகும்.

பக்கத்து அட்டைகளையும் தோட்டாவோடு இணைத்து எழுதினால் நல்லது. தண்ணீர்க் குடுவை ஏன்? வெடியுப்பு நாக்கில் பட்டால் வாய் வறண்டுபோகும், இருபது முறை கடித்தவனுக்குத் தாகம் தாங்காது. குறுக்குப்பட்டையில் தொங்கும் சிறு ஊசியும் தூரிகையும் ஏன்? கிண்ணத்துக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள துளை கசடால் அடைபட்டால் கிண்ணத்து மருந்து மட்டும் பளிச்சிட்டு அணையும், குண்டு போகாது. ஊசி துளையைக் குத்தித் திறக்க, தூரிகை கிண்ணத்தைத் துடைக்க. கல்லும் இருபது முப்பது வேட்டுக்குள் மழுங்கும். உதிரிக் கல் இல்லாதவன் கையில் இருப்பது தடிதான்.

புகையிலும் இரைச்சலிலும் தன் துப்பாக்கி வெடித்ததா என்பதே வீரனுக்குத் தெரியாமல் போவதுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் களத்தில் 1863இல் பொறுக்கிய 27,574 துப்பாக்கிகளில் ஏறத்தாழ 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றில் சுமார் பாதியில் இரண்டு தோட்டா. ஒன்றில் மட்டும் 23. சக்கிமுக்கிக்குப் பிந்திய துப்பாக்கி, ஆனால் அதே தாள்தோட்டா.

—

கோ.வி. எழுதியது:

இதற்குப் பிறகும் மருந்துச்சுருளா? ‘ஒன்றில் 23 மருந்துச்சுருள்’ என்று எழுதிப் பாருங்கள். பயிற்சிக் கட்டளை வரிசைக்கும் ஒரு பலகை இருக்கும் அல்லவா? ‘தோட்டா எடு, தோட்டா கடி’ என்று கத்தலாம். ‘மருந்துச்சுருளைக் கைக்கொள்’ என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரி வந்துவிடுவான்.

—

இ.த. எழுதியது:

என் வாக்கும் காகிதத் தோட்டாவுக்கே. பொதிகுண்டைத் திரும்பப் பெறுகிறேன்.

—

செ.ந. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்துக்கு அனுப்பியது இது:

“காகிதத் தோட்டா: ஈயக்குண்டும் வெடிமருந்தும் வைத்துச் சுற்றிய தாள்சுருள். வீரன் வாலைப் பல்லால் கடித்துத் திறந்து, சிறிது மருந்தைப் பற்றுவாயில் இட்டு, மீதியைக் குழலில் கொட்டி, குண்டைத் தாளோடு சலாகையால் இடித்தான். வெற்றுக்கூடு எதுவும் மிஞ்சவில்லை.”

இன்னும் சில சொல்லுக்கு இடம் இருக்கிறது. பெட்டிக்குத் தோட்டாப்பெட்டி என்றே வைத்தேன்.

—

அ.பெ. எழுதியது:

அம்மா, அட்டையில் ‘தாள்சுருள்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். என் சொல்லை விளக்கத்தில் வைத்துக்கொண்டு தலைப்பில் உருதுவை ஏற்றியிருக்கிறீர்கள். என் மறுப்பைப் பதிவு செய்க. குழுவின் சொற்பட்டியலிலாவது மருந்துச்சுருள் இணைச்சொல்லாக இடம்பெற வேண்டும்.

—

வை.து. எழுதியது:

உருது அல்ல. தோடு.

—

ப.மு. எழுதியது:

பட்டியலில் இரண்டையும் சேர்க்கலாம், எனக்குத் தடையில்லை. பீரங்கிக்குத் துணிப்பையில் மருந்து மட்டும் கட்டி வருமே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே காட்ரிட்ஜ்தான். அங்கே தாளும் இல்லை, சுருளும் இல்லை. அடுத்த அட்டைத் தொகுதியில் பீரங்கி வருகிறதா, செ.ந.?

—

செ.ந. எழுதியது:

வருகிறது. புதன்கிழமை புது இழை தொடங்குகிறேன். அதுவரை யாரும் சண்டையை ஆரம்பிக்க வேண்டாம்.