மறுமொழி: நிலக்கீழ் அறைப் பம்பியின் வெளிக்குழாய்க்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

நிலக்கீழ் அறைக் குழியில் சேரும் நீரைப் பம்பி வெளியே தள்ளும் குழாய்க்கும் அதன் உறுப்புகளுக்கும் நம் கையேட்டுக்காகத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம். ஐயா, அந்தக் குழாய்க்கு நீங்கள் முன்வைத்த ‘கழிவுநீர்ப் புதைகுழாய்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் முதற்பாதியே ஆபத்தானது. அத்திவாரத்தைச் சுற்றிக் கசியும் மண்நீர்தான் இங்கே குழியில் சேர்கிறது. மலசலகூடத்து நீர் அல்ல. ஒன்ராறியோவின் பல நகரங்களில் இந்த நீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைக்கத் தடை இருக்கிறது. காரணம் எளிது. பெருமழையில் அந்தக் குழாய்கள் நிரம்பினால் கழிவு எதிர்த்திசையில் ஏறி வீட்டுக்குள்ளேயே வரும். 2013 ஜூலை 8 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது எத்தனையோ நிலக்கீழ் அறைகள் நாறிப்போயின. கையேட்டில் ‘கழிவுநீர்’ என்று எழுதிவைத்தால், படிப்பவர் நேரே அங்கேதான் கொண்டுபோய் இணைப்பார்.

நீர் சேரும் குழியை ஆங்கிலத்தில் உள்ளபடி ‘சம்ப்’ என்றே விட்டுவிடலாம் என்கிறார் சென்னை நண்பர். அவருடைய ஊரில் சம்ப் என்பது குடிநீர் சேமிக்கும் தொட்டி! ‘ஊற்றுக்குழி’ அழகான சொல்தான். ஆனால் கொங்கு நாட்டார் உடனே ஊத்துக்குளி வெண்ணெயை நினைப்பார்கள். ‘கசிவுக்குழி’ போதும்.

இனிக் குழாய். இதற்கு ஒரே பெயர் வைக்க முயல்வதால்தான் இழுபறி. பம்பியிலிருந்து சுவர் வரை நீர் அழுத்தத்தால் மேலேறுகிறது. பெரும்பாலும் ஒன்றரை அங்குல பிவிசி, நடுவில் ஒருவழி வால்வு. அதை ‘ஏற்றுகுழாய்’ எனலாம். சுவரைத் தாண்டி முற்றத்து மண்ணுக்குள் போகும் பகுதி வேறு. அதற்கு ‘புதை’ என்ற அடை கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது. தென் ஒன்ராறியோவில் உறைபனி ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழம் வரை இறங்கும். அவ்வளவு ஆழத்துக்கு யாரும் தோண்டுவதில்லை. ஓரடி, ஒன்றரை அடியோடு மண்வெட்டியைப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே குழாயைக் காப்பது ஆழம் அல்ல, சாய்வு. பம்பி நின்றதும் உள்ளே நீர் தங்காமல் ஓடிவிட வேண்டும். 10 அடிக்கு இரண்டரை அங்குலச் சரிவு இருந்தால் நிம்மதி. நடுவில் ஓரிடம் தொய்ந்தாலும் அங்கே தங்கும் நீர் பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். எனவே என் முன்மொழிவு: ‘சாய்குழாய்’. பதிப்பவருக்கு அந்தப் பெயரே கட்டளை.

‘சுருங்கை’ என்ற பரிந்துரையையும் பார்த்தேன். மதுரை மதிலடியில் நீர் பாய்ந்து வெளியேறும் வழிக்குப் பரிபாடல் தரும் பெயர், எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைய வாசகர் ‘சுருங்கிப்போன குழாய்’ என்றே படிப்பார்.

சாய்குழாய் அடைபட்டால் நீர் வெளியேறுவதற்காகச் சுவரை ஒட்டி நிலமட்டத்துக்கு மேலே ஒரு திறந்த வாய் வைப்பார்கள். அது இல்லாவிட்டால் பம்பி ஓடிக்கொண்டே இருக்கும், நீர் நகராது. குளம் நிரம்பினால் மிகைநீரை வழிய விடும் கலிங்கு செய்வதும் இதே வேலைதானே? ‘கலிங்குவாய்’ என்று வைக்கலாம். வன்னியில் பிறந்த எனக்குக் கலிங்கைக் குறிக்கும் ‘வான்’ என்ற சொல்லே நாவில் வருகிறது. ஆனால் குளத்து வானை அறியாதவர்கள் ‘வான்வாய்’ என்றால் ஆகாயத்தைப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுக்கிறேன்.

முற்றத்தில் சாய்குழாய் முடியும் முனையில், நீர் வந்தால் எழும்பி, நின்றால் படியும் பச்சை மூடிக்கு ‘எழுமூடி’. நீங்கள் சொன்ன ‘குமிழித்தூம்பு’ பொருந்தாது, அம்மா. ஏரிநீரை வெளியே விடும் அந்தப் பழைய மதகின் குமிழியில் நீர் மேலிருந்து கீழே இறங்கும். இங்கே கீழிருந்து மேலே வருகிறது.

அத்திவாரத்தைச் சுற்றிப் பதிக்கும் துளைக்குழாய்க்கு இன்னும் சொல் வேண்டும். முன்பு சுட்டமண் ஓட்டில் செய்ததால் ‘வீப்பிங் டைல்’ என்ற பெயர் நிலைத்தது. இப்போது அது வெறும் பிளாஸ்டிக். ‘அழும் ஓடு’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஓர் உறுப்பினர்