விரல் வேலைக்கும் தொடுகைப் பயிற்சிக்கும் இஞ்ச கிடைக்கிற சாமான்கள்

பரந்தன் (கேள்வி):
வணக்கம். தொழில்வழிச் சிகிச்சைக்கு (அன்றாட வேலையளைத் தாங்களே செய்யப் பழக்கிற சிகிச்சை) வாறவைக்கு விளையாட்டாச் செய்யக்கூடிய விரல் வேலையள் சொல்லுங்கோ. ரெண்டு பகுதி ஆக்கள்: எதையும் தொடக் கூசுற 4–6 வயசுப் பிள்ளையள், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை இறுகிப்போன பெரியாக்கள். விலைகூடின சாமான் வாங்க ஏலாது. கோதுமை மாவிலை களி செய்தம், அடுத்த நாளே பிசுபிசுக்குது. என்ன பிழை?

முறிகண்டி:
உப்புத்தான் காத்திலை இருக்கிற ஈரத்தை இழுக்கும். மாரியிலை இன்னும் மோசம். 2 கப் மா, 1 கப் தூளுப்பு, 1 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், முக்கால் கப் தண்ணி. தண்ணியை ஒரேயடியா ஊத்தாமல் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குழையுங்கோ. மூடி இறுக்கமான ரின்னிலை வையுங்கோ. பிசுபிசுத்தா ஒரு கரண்டி மா தூவிப் பிசைஞ்சாச் சரி. கல்லுப்பு வேண்டாம், கரையாமல் நறநறக்கும். விரலிலை வெட்டுக்காயம் இருந்தா எரியும், அண்டைக்குக் களியை விடுங்கோ.

கூசுற பிள்ளைக்குக் களியிலை தொடங்காதேங்கோ, ஈரமாக் கையிலை ஒட்டுறதுதான் அதுக்குப் பெரிய பயம். காய்ஞ்ச சாமானிலை தொடங்குங்கோ. பேசினிலை நாலு விரல் உயரத்துக்குப் புளியங்கொட்டை போட்டு, மேலை ஒரு கரண்டி வையுங்கோ. முதல்லை கரண்டியாலை அள்ளட்டும். பிறகு பாதி புதைச்ச போத்தல் மூடியை எடுக்கட்டும், கடைசியாத்தான் முழுக்கப் புதைச்சது. பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு உள்ளுக்கு அமத்தாதேங்கோ. ஒருக்கா அமத்தினா அடுத்த கிழமை பேசினுக்குக் கிட்டவும் வராது. அரிசியும் நல்லம்தான், ஆனா சோத்தரிசியிலை விளையாடுறதைக் கன வீடுகளிலை விரும்பமாட்டினம். அது நியாயமும்கூட. கழுவி அரிச்சுக் காயவைச்ச ஆத்துமணல் போதும்.

ஒட்டுசுட்டான்:
கோர்க்கிற வேலையை நூலிலை தொடங்கினா நூல் வளைஞ்சு வளைஞ்சு பிள்ளைக்கு அலுத்துப்போம். ஒரு சாண் தென்னை ஈர்க்கை மாக்களியிலை நிமித்திக் குத்துங்கோ, மேல் நுனியிலை கூர் இருக்கக்கூடாது. பப்பாசி இலைக்காம்பை 2 சென்ரிமீற்றர் துண்டா வெட்டிப் பால் போகக் கழுவிக் காயவிட்டா நல்ல மணி. பால் போகாட்டித் தோல் கடிக்கும். ஈர்க்கிலை பழகின பிறகு நூலுக்கு மாத்துங்கோ, நுனியை உருகின மெழுகிலை தோய்ச்சு விறைக்க விட்டு.

குன்றிமணியைப் பயிற்சிக்கு எடுக்கவே வேண்டாம். வடிவாத்தான் இருக்கும், ஆனா உடைச்சோ சப்பியோ விழுங்கினா உயிராபத்து. வாயிலை போடுற பிள்ளையளுக்குப் புளியங்கொட்டையும் கூடாது, தொண்டையிலை சிக்கும்.

நெடுங்கேணி:
இறுகின கைக்கு ரப்பர் பந்து குடுத்து அமத்தச் சொல்லுறதை நிப்பாட்டுங்கோ. விரல் ஏற்கெனவே உள்ளுக்குத்தான் இழுபட்டுக் கிடக்கு. மூடத் தெரியும், விரிக்கத்தான் தெரியாது. பாதத்தை நிலத்திலை பதிச்சு மேசைக்கு முன்னாலை இருத்துங்கோ. ஏலாத கையை விரிச்சு மேசையிலை போட்ட துவாயிலை வைச்சு, நல்ல கையை மேலை வைச்சு, ஆறுதலா முன்னுக்குத் தள்ளி இழுக்கச் சொல்லுங்கோ, 10 தரம்.

பிறகு பனங்கொட்டை. பிடிக்கப் பரும்படியான அளவு, சொரசொரப்பான தும்பு, பனங்கிழங்குக்குப் பாத்தி போட்டவையின்ரை கைக்குப் பழகின சாமான். ஒரு கடகத்திலையிருந்து மற்றக் கடகத்துக்கு மாத்தட்டும். எடுக்கிறதை விட விடுறதுதான் இதிலை பயிற்சி, அதாலை வாய் அகண்ட கடகம் வையுங்கோ. விரல் இன்னும் சுருண்டா அவ்விடத்திலையே நிப்பாட்டி, கையை விரிச்சு ஆறவிடுங்கோ. உணர்ச்சி குறைஞ்ச கையெண்டா பயிற்சி முடிய உள்ளங்கையைக் கண்ணாலை பாக்கவேணும்; தும்பு குத்தினாலும் அவைக்குத் தெரியாது.

பரந்தன்:
நன்றி. உடுப்புக் கிளிப்பை ஒரு பிள்ளை விரல் நுனியாலை அமத்தாமல், சுட்டுவிரலின்ரை பக்கத்தாலை அமத்துது. விடலாமோ?

முறிகண்டி:
கிளிப் இறுக்கம் கூடினா அப்பிடித்தான் செய்யும். கம்பி தளர்ந்த பழைய கிளிப்பைக் குடுத்துப் பாருங்கோ. சின்னப் பஞ்சு உருண்டை ஒண்டை மோதிரவிரலாலையும் சின்னவிரலாலையும் உள்ளங்கையிலை பொத்தி வைக்கச் சொல்லுங்கோ. அந்த ரெண்டு விரலும் அதிலை மாட்டுப்பட, மற்ற மூண்டும் தானா வேலைக்கு வரும்.