நாலும் பொம்பளப் பிள்ளையா? உங்கள் வீட்டுக் கதையையும் சொல்லுங்கள்

தலவாக்கலை:
எனக்கு நாலும் பெண். நாலாவதைப் பெற்று வீட்டுக்கு வந்த அன்று, பிள்ளை பார்க்க வந்த பக்கத்துக் காம்பராப் பெரியம்மா துணியை விலக்கிப் பார்த்துவிட்டு "சரி, இதுவும் அதுதானா" என்று சொல்லி, கொண்டுவந்த பேபி சோப்பை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இன்னும் மோசம். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்பதை என் காதில் விழுகிற மாதிரிச் சொல்வதற்கென்றே இரண்டு பேர் இருக்கிறார்கள். முனியாண்டிக்கு நேர்ந்த சேவல் பாக்கி இருக்கிறதாம், அதனால்தான் என்கிறார் மாமியார். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும், இது அவ்வளவு அபூர்வமா? உங்கள் பக்கம் இப்படி யாராவது உண்டா?

ஹட்டன், கணக்கு வாத்தியார்:
அபூர்வமே இல்லை தங்கச்சி. வகுப்பில் நிகழ்தகவு எடுக்கும்போது நாலு பிள்ளைக்கு மரவரிப்படம் போடச் சொல்வேன், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண், பெண் என்று இரண்டிரண்டு கிளையாகப் பிரியும். கடைசியில் 16 நுனி வரும். இரண்டு ஆண், இரண்டு பெண் என்று சமமாக வருவதுதான் அதிகம் என்று எல்லாரும் கை தூக்குவார்கள், எண்ணிப் பார்த்தால் அது 6 தான், மூன்றுக்கு ஒன்று என்று வருவதுதான் 8. மிச்சம் 2இல் ஒன்று உங்கள் வீடு. இன்னும் நுணுக்கமாகப் போனால், உலகத்தில் பொதுவாக 100 பெண் பிள்ளைகளுக்கு 105 ஆண் பிள்ளைகள் போலப் பிறக்கிறார்கள், அதனால் பெண்ணுக்கு 0.488. அதை நாலு தடவை பெருக்கினால் ஏறக்குறைய 18 வீட்டுக்கு ஒரு வீடு. நாலு பிள்ளை பெற்ற வீடு 100 இருந்தால் ஐந்தாறு வீட்டில் இதே கதைதான். அத்தனை பேருமா சேவல் பாக்கி வைத்தார்கள்?

அப்புறம், "அடுத்தது கட்டாயம் பையன்தான், கணக்குப்படி வந்தே தீரணும்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். 18இல் ஒன்று என்பது முதல் பிள்ளைக்கு முன்னால் போடுகிற கணக்கு. நாலு பிறந்த பிறகு ஐந்தாவதுக்கு மறுபடியும் பாதிக்குப் பாதிதான்.

பண்டாரவளை:
எங்கள் அண்ணனுக்கு ஐந்தும் பையன். ஐயா சொன்ன மாதிரிப் பெருக்கினேன், 28 வீட்டுக்கு ஒன்று வருகிறது, உங்களைவிட நாங்கள்தான் அபூர்வம். ஆனால் அண்ணியை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தீபாவளிக்கு ஐந்து பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டால் கண் படும், சுத்திப் போடு என்கிறார்கள். பெண் பிள்ளை ஆசை அண்ணிக்குத்தான். மூன்றாமவனுக்குக் கொஞ்ச காலம் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி வைத்திருந்தார். படம் இருக்கிறது, அவன் கெஞ்சுவதால் போடவில்லை.

மஸ்கெலியா, தாதி:
பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணு கொண்டுவரும் நிறமூர்த்தம் (குரோமோசோம்) எக்ஸா வையா என்பதில் இருக்கிறது, எக்ஸ் என்றால் பெண், வை என்றால் ஆண். இதை மாமியாருக்குச் சொல்லுங்கள். அதற்காக அவர் மகனைப் பிடித்து உலுக்கவும் வேண்டாம், அவரும் பார்த்துப் பொறுக்கி அனுப்பவில்லை.

கணக்கு ஐயாவிடம் ஒரு சின்னச் சண்டை இருக்கிறது. பாதிக்குப் பாதி என்பது ஊர் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சரி. ஆனால் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்கத் தாதிமார் 58,000 பேரின் பிள்ளைப்பேறுகளை வைத்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று பையன் உள்ள வீட்டில் நாலாவதும் பையனாக 61 சதவீதம், மூன்று பெண் உள்ள வீட்டில் நாலாவதும் பெண்ணாக 58 சதவீதம் என்று வந்திருக்கிறது. முதல் பிள்ளையைப் பிந்திப் பெற்றவர்களிடம் இந்தச் சாய்வு கொஞ்சம் கூட. பூவா தலையா போடுகிற காசு மாதிரி என்று வைத்தால், ஒவ்வொரு வீட்டுக் காசுக் குத்தியும் கொஞ்சம் கோணலாக இருக்கலாம் போல.

ஹட்டன், கணக்கு வாத்தியார்:
ஒத்துக்கொள்கிறேன் மிஸ். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சாக்சனியில் எடுத்த பழைய கணக்கிலும் அந்த வாசனை உண்டு. பன்னிரண்டு பிள்ளை வரிசைகள் 6,115 பார்த்ததில் 12ம் பையனாக 7 வீடு, 12ம் பெண்ணாக 3 வீடு. வெறும் குத்திக் கணக்குப்படி இரண்டும் ஒன்றும்தான் வந்திருக்க வேண்டும்.

தலவாக்கலை:
பன்னிரண்டா! அந்தம்மாவை யார் என்ன சொன்னார்களோ. மூன்றுக்கே 58 என்றதை இவரிடம் வாசித்துக் காட்டினேன், ஐந்தாவது பேச்சையே விட்டுவிட்டார். கிளினிக்கில் ஆப்பரேஷனுக்குப் பேர் கொடுத்தாச்சு. சேவலை மட்டும் மாமியார் விடுவதாக இல்லை. வெட்டட்டும், பிள்ளைகளும் கறி தின்று நாளாச்சு.