ரேமைக் கூட்டியும் தரவுத்தளம் பழைய அளவிலேயே ஓடுகிறது, உதவி தேவை

நள்ளிரவு_நிர்வாகி:
வணக்கம். எங்கள் தரவுத்தள சர்வரின் ரேமை இன்றிரவு 16 ஜிபியிலிருந்து 64 ஜிபியாக உயர்த்தினோம். கான்ஃபிக் கோப்பில் நினைவக அளவையும் கூட்டிவிட்டேன். ஆனால் அறிக்கைகள் முன்பு போலவே மெதுவாக வருகின்றன. ரேமில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. காலையில் பயனர்கள் உள்ளே வருவதற்குள் சரிசெய்தாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தறியோட்டம்:
எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்று மூன்றையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். "நினைவக அளவு" என்ற பெயரில் எதிலும் ஓர் அமைப்பு கிடையாது. தரவைப் படித்து ரேமில் வைத்திருக்கும் இடத்துக்கு, மைஎஸ்கியூஎல் என்றால் இன்னோடிபி பஃபர் பூல், போஸ்ட்கிரெஸ் என்றால் ஷேர்டு பஃபர்ஸ் என்று பெயர். நீங்கள் மாற்றியது எது?

கெர்னல்_காவலர்:
எதுவாக இருந்தாலும் முதலில் லினக்ஸ் கெர்னலின் ஷம்மேக்ஸ் வரம்பை, அதாவது நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு நினைவகத் துண்டின் உச்ச அளவைப் பாருங்கள். அந்த வரம்பு சிறியதாக இருந்தால், கான்ஃபிக்கில் எவ்வளவு பெரிய எண்ணை எழுதினாலும் பயனில்லை. நான் பார்த்த சர்வர்களில் பத்துக்கு எட்டில் இதுதான் கோளாறு.

மூத்தவர்64:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. ஷேர்டு பஃபர்ஸ் மாற வேண்டுமானால் ரீலோட் (கான்ஃபிக்கை மட்டும் மறுபடி படிப்பது) போதாது, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த ஒரு பத்தியைக்கூடப் படிக்காதவர்கள் கையில் உற்பத்திச் சர்வரை ஒப்படைப்பது சரியல்ல.

நள்ளிரவு_நிர்வாகி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். போஸ்ட்கிரெஸ் 14, லினக்ஸ். ஷேர்டு பஃபர்ஸ் 4 ஜிபியாக இருந்தது, 16 ஜிபி ஆக்கினேன். ரேம் மாற்றுவதற்காக இயந்திரத்தையே அணைத்துத்தான் ஏற்றினோம். கோப்பைத் திருத்திய பின்னும் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். ஆனாலும் நடப்பு மதிப்பைச் சொல்லும் ஷோ கட்டளை 4 ஜிபி என்றே காட்டுகிறது.

தறியோட்டம்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். ஷம்மேக்ஸை விட்டுவிடுங்கள். 2013இல் வந்த 9.3 பதிப்பிலிருந்தே போஸ்ட்கிரெஸ் தன் பஃபர்களை எம்மேப் என்ற, அந்த வரம்புக்கு உட்படாத வேறொரு கெர்னல் அழைப்பின் வழியாகத்தான் பெறுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளிலும் வரம்பு போதாவிட்டால் சர்வர் பிழை காட்டி நின்றுவிடுமே தவிர, சத்தமில்லாமல் குறைந்த அளவில் ஓடாது.

கெர்னல்_காவலர்:
எம்மேப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் 16 ஜிபிக்கு ஹியூஜ் பேஜஸ் (வழக்கத்தைவிடப் பெரிய நினைவகப் பக்கங்கள்) ஒதுக்காமல் விட்டால், எந்தப் பக்கம் எங்கே என்று குறித்துவைக்கும் பக்க அட்டவணைகளே நிறைய நினைவகத்தை விழுங்கும், அதையும் கவனிக்க வேண்டும்.

மூத்தவர்64:
16 ஜிபி எதற்கு? 64 ஜிபி வாங்கியவர் 48 ஜிபியைத் தாராளமாகக் கொடுக்கலாம். நான் எப்போதும் முக்கால் பங்கு கொடுப்பவன்.

தறியோட்டம்:
அது மைஎஸ்கியூஎல் பழக்கம். போஸ்ட்கிரெஸ், இயங்குதளம் படித்த கோப்புகளை ரேமில் வைத்திருக்கும் கேஷையும் நம்பி ஓடுவது. பஃபரை முக்கால் பங்காக்கினால் ஒரே பக்கம் இரண்டு இடத்திலும் குந்திக்கொண்டு இடத்தை வீணாக்கும். மொத்த ரேமில் 25 சதவீதத்தில் தொடங்குங்கள், 40 சதவீதத்துக்கு மேல் போனால் பலன் கிடைப்பது அரிது என்றுதான் அதன் ஆவணமே சொல்கிறது. ஆவணத்தைப் படிக்கச் சொன்னவர் நீங்கள் என்பதால் இதை எடுத்துக்காட்டுகிறேன்.

மூத்தவர்64:
ஆவணம் பொதுவாகச் சொல்வது. தரவு முழுவதும் பஃபரில் அடங்கிவிடும் என்றால் பெரிய பஃபர் பலன் தரும், அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைவிட, அறிக்கைகள் மெதுவாக வருவதற்கு வொர்க் மெம் என்ற வேலை நினைவக அமைப்பு காரணமாக இருக்கலாம். அதன் இயல்பளவு வெறும் 4 எம்பி. அதை 64 எம்பி ஆக்கட்டும்.

வரிசைமுறை:
வொர்க் மெம்மை எல்லோருக்குமாக உயர்த்தும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது ஒரு வினவலுக்கான அளவு அல்ல, ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும், அட்டவணைகளைச் சேர்ப்பது போன்ற ஹாஷ் வேலைக்குமான அளவு. 200 இணைப்புகள் ஆளுக்கு ஒரே ஒரு வரிசைப்படுத்தல் செய்தாலே 12.5 ஜிபி போய்விடும். அறிக்கை ஓடும் இணைப்பில் மட்டும் செட் கட்டளையால் கூட்டிக்கொள்வது பாதுகாப்பு.

இப்போது கேட்ட கேள்விக்கு வருகிறேன். எல்லா அமைப்புகளையும் பட்டியலிடும் பிஜி செட்டிங்ஸ் காட்சியில் ஷேர்டு பஃபர்ஸ் வரியை எடுத்து, சோர்ஸ்ஃபைல் என்ற நெடுவரிசையைச் சூப்பர்யூசராகப் பாருங்கள். மதிப்பு நெடுவரிசையில் 524288 என்று இருக்கும். அது 8 கேபி பக்கங்களின் எண்ணிக்கை, அதாவது உங்களுடைய அதே 4 ஜிபி. அந்த மதிப்பு எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்பது பக்கத்திலேயே தெரியும். யாராவது எப்போதாவது ஆல்டர் சிஸ்டம் கட்டளையால் மாற்றியிருந்தால், அது டேட்டா கோப்புறையிலுள்ள ஆட்டோ.கான்ஃப் கோப்பில் பதிந்திருக்கும். நீங்கள் கையால் திருத்தும் கோப்புக்குப் பிறகே அது படிக்கப்படுவதால் அதன் பேச்சுதான் எடுபடும். அப்படியிருந்தால் அந்தக் கோப்பைக் கையால் தொடாமல், ஆல்டர் சிஸ்டம் ரீசெட் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கெர்னல்_காவலர்:
ரேம் சும்மா கிடக்கிறது என்றாரே, நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் கேஷ் நெடுவரிசையையும் பார்த்தாரா? இயந்திரத்தை அணைத்து ஏற்றியதும் கேஷ் காலியாகத்தான் இருக்கும். தரவு படிக்கப்படப் படிக்கப்படத்தான் அது நிரம்பும்.

நள்ளிரவு_நிர்வாகி:
ஆட்டோ.கான்ஃப்தான். மூன்றாவது வரியில் 4 ஜிபி என்று இருந்தது, எனக்கு முன் இருந்தவர் வைத்தது போலும். ரீசெட் செய்தேன், இப்போது 16 ஜிபி காட்டுகிறது. வரிசைமுறை ஐயாவுக்கு மிக்க நன்றி.

வரிசைமுறை:
மகிழ்ச்சி. அறிக்கைகளின் வேகம் கூடியதா? கூடவில்லை என்றால், ஒரு அறிக்கையை வினவல் எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளையில் அனலைஸ், பஃபர்ஸ் இரண்டையும் சேர்த்து ஓட்டி, வெளியீட்டை இங்கே இடுங்கள்.

வரிசைமுறை:
இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்த வெளியீடு கிடைத்தால் மேற்கொண்டு பார்க்கலாம்.