எரிமலைக் குன்றுச் சரிவில் கல்லை அகற்றி உழுதால் புல் திரும்ப வருமா?

குன்றடி:
எங்கள் மேய்ச்சல் நிலத்தில் பாதிக்கு மேல் குன்றுதான். பழைய எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறை, அதன் மேல் ஒரு சாண் மண், அந்த மண்ணிலும் பாதி கல். ஆண்டுக்கு 400 மி.மீ. ஒட்டி மழை, அதுவும் இரண்டு மூன்று மாதத்தில் கொட்டிவிட்டு நின்றுவிடும். நான் சிறுவனாக இருந்தபோது இந்தச் சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கொத்துப்புல் நின்றது. இப்போது அங்கங்கே முட்புதர், நடுவில் வெறும் தரை. அடிவாரத்தில் மண் ஆழமாக, கறுப்பாக, கோடையில் வெடிப்பு விட்டுக் கிடக்கிறது, அங்கே புல்லுக்குக் குறை இல்லை.

பொக்லைன் வைத்துக் கல்லையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு உளிக்கலப்பை ஓட்டிப் புல்விதை தூவினால் இரண்டே வருடத்தில் பசுமையாகிவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். செலவு பெரிது, அதைவிடச் செய்து கெடுத்துவிடுவேனோ என்ற பயம் பெரிது. கடப்பாரை போட்டால் எங்கேயும் ஒன்றரைச் சாணுக்குமேல் இறங்கவில்லை. இப்படிப்பட்ட மண்ணோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

மண்கண்டம்:
பொக்லைன்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மண்ணைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் வரும் முதல் எண்ணமே கல்லை எடுக்க வேண்டும் என்பதுதான்.

உங்கள் மண் கெட்டுப்போன மண் இல்லை, மெல்லிய மண். உலக மண் வகைப்பாட்டில் இதற்கு லெப்டோசோல் என்று பெயர், 25 செ.மீ.க்குள் கெட்டிப் பாறை வந்துவிட்டாலோ, பாறை தள்ளியிருந்தும் கல் போகப் பொடிமண் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாவிட்டாலோ இதில் சேரும். பூமியில் மிக அதிகப் பரப்பில் இருக்கும் மண்வகையே இதுதான், சுமார் 165 கோடி ஹெக்டேர். அதில் புல் நன்றாக நிற்கும் இடங்களும் ஏராளம்.

கணக்கைப் பாருங்கள். களி கலந்த மண் 10 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 15 மி.மீ. தண்ணீரைப் பயிருக்குக் கொடுக்கும்படி பிடித்துவைக்கும். உங்கள் சரிவில் ஆழமான இடத்தில்கூட 30 செ.மீ. என்று வைத்தால் 45 மி.மீ., அதில் பாதி இடத்தைக் கல் அடைத்துக்கொள்வதால் 22, 23 மி.மீ.தான். அதாவது உங்கள் குன்றின் மொத்தத் தொட்டியே அவ்வளவுதான், ஒரு நல்ல மழையில் நிரம்பிவிடும், அடுத்த மழை தள்ளிப்போனால் காய்ந்துவிடும். இதுவரை கேட்டால் கல் எதிரி மாதிரித்தான் தெரியும். ஆனால் மேற்பரப்பில் பாதியைக் கல் மூடியிருக்கும்போது 10 மி.மீ. மழை பெய்தால், கல்மேல் விழுந்த தண்ணீரும் வழிந்து இடையில் இருக்கும் மண்ணுக்குத்தான் போகிறது, அந்தக் குறுகிய இடைவெளிக்கு 20 மி.மீ. பெய்த மாதிரி. ஈரம் ஆழமாக இறங்குகிறது, வெயில் நேராகப் படாததால் மெதுவாகக் காய்கிறது, மழைத்துளி அறைந்து மண்ணை இறுக்குவதும் இல்லை. சின்ன மழைகளை நம்பியிருக்கும் இடத்தில் இது பெரிய விஷயம்.

அப்புறம், கடப்பாரை நின்ற இடத்தில் வேர் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி விரிசல் விடும். அந்த விரிசலுக்குள் மண் இறங்கியிருக்கும், புதர்களும் சில கொத்துப்புற்களும் அதன் வழியாகத்தான் வேரை இறக்கிக் கோடையைத் தாண்டுகின்றன. பாறை என்ன வகை என்பதும் முக்கியம். உங்களுடையது பசால்ட் மாதிரி தெரிகிறது, கால்சியம், மக்னீசியம், இரும்பு அதிகம், அரைகுறை மழையில் அது சிதைந்தால், நீர் பட்டதும் ஊதிப் பெருகி, காய்ந்ததும் சுருங்கும் களிமண்ணாகும். அடிவாரத்தில் வெடிப்பு விடுவது அதனால்தான். வெளிறிய ரையோலைட் பாறையாக இருந்தால் மண் மணல்பாங்காக, சத்துக் குறைவாக இருக்கும். எரிமலைச் சாம்பல் இறுகிய கல்லாக இருந்தால் அது மிருது, தண்ணீரையும் கொஞ்சம் பிடிக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். ஐந்தாறு இடத்தில் கல்லைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெள்ளைப் பூச்சு இருக்கிறதா என்று. மழைநீரில் கரைந்து இறங்கும் சுண்ணாம்பு கல்லின் அடியில்தான் படியும். அதில் வினிகர் இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கும். வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சமீப காலத்தில் ஏதோ புரட்டியிருக்கிறது என்று பொருள்.

பட்டிக்காரன்:
மண்கண்டம் சொன்னதை நான் பட்டறிந்தவன். எங்கள் குன்றில் இரண்டு ஹெக்டேரை இப்படித்தான் சுத்தம் செய்தோம். முதல் மழைக்கு முன்பு பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, எனக்கே பெருமை. முதல் மழை அரைமணி நேரம் அடித்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் மண்மேல் ஓடு கட்டின மாதிரி ஒரு படலம், கட்டைவிரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உடைந்தது, அதற்குக் கீழே மண் புழுதியாக, ஈரமே இல்லாமல் இருந்தது. தண்ணீர் உள்ளே போகவே இல்லை, சரிவோடு ஓடிவிட்டது, விதையையும் கூட்டிக்கொண்டு. மூன்றாவது மழையில் கை அகலத்துக்கு ஓடைகள். ஒரு ஹெக்டேரில் ஒரு செ.மீ. மண் போனால் 100 கன மீட்டர், எடையில் 130 டன் பக்கம் வரும். அந்த ஒரு செ.மீ. பாறையிலிருந்து திரும்ப உண்டாக என் பேரன் காலமும் போதாது. இன்றைக்கும் அந்த இரண்டு ஹெக்டேரைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

உங்கள் புல் போனதற்குக் காரணம் கல் இல்லை, ஏனென்றால் நீங்கள் சிறுவனாக இருந்தபோதும் அதே கல்தான் இருந்தது. கால்நடை எங்கே நிற்கிறது, எவ்வளவு நாள் நிற்கிறது என்று பாருங்கள். மாடு செங்குத்துச் சரிவில் ஏறாது, கல் அதிகமான இடத்தில் கால் வைக்காது, தண்ணீரை விட்டுத் தூரம் போகாது. ஜெர்ரி ஹோலெச்செக் என்ற மேய்ச்சல் நில ஆய்வாளர் 1988-இல் கொடுத்த கணக்கை நான் இன்றும் வைத்திருக்கிறேன்: சரிவு 11 முதல் 30 சதவீதம் என்றால் அந்த இடத்தின் தாங்குதிறனில், அதாவது எத்தனை மாட்டுக்கு அங்கே புல் தாங்கும் என்ற கணக்கில், 30 சதவீதத்தைக் கழி, 31 முதல் 60 என்றால் 60 சதவீதத்தைக் கழி, அதற்கு மேல் என்றால் அந்த இடத்தைக் கணக்கிலேயே சேர்க்காதே. தண்ணீர் 1.6 கி.மீ.க்கு அப்பால் இருந்தால் பாதி, 3.2 கி.மீ. தாண்டினால் பூஜ்யம். இது மாட்டுக்கான கணக்கு, ஆடு இதைவிட நன்றாக ஏறும். மொத்தப் பரப்பையும் வைத்து எண்ணிக்கை போட்டால் என்ன ஆகும்? மேலே புல் தொடப்படாமல் காயும், நடுச்சரிவையும் அடிவாரத்தையும் மொட்டை அடித்துவிடும். நாங்கள் அதைத்தான் இருபது வருடம் செய்தோம்.

கழித்த பிறகு மிச்சமிருக்கும் புல்லிலும் 30, 40 சதவீதத்துக்கு மேல் மேய விடாதீர்கள். மேலே வெட்டுப்பட வெட்டுப்பட வேர் சுருங்கும், இத்தனை மெல்லிய மண்ணில் வேர் சுருங்கின புல் அடுத்த வறட்சியைத் தாண்டாது.

ஓடைக்கரை:
கல் இருந்தாலே நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். மண்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் கல் தண்ணீரை அடியில் விடும். ஆனால் ஓடு கட்டிய மண்ணுக்குள் பதிந்து இறுகிப்போன கல் சிமெண்டில் பதித்த மாதிரி, தண்ணீரை வழியத்தான் விடும். இரண்டுக்கும் வித்தியாசம் விரலை விட்டு நெம்பினால் தெரிந்துவிடும். களி ஈரமாக இருக்கும்போது மந்தை ஏறினால் கல்லை மிதித்து உள்ளே தள்ளிவிடும், சுற்றியுள்ள மண்ணும் பிசைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் மழைக்குப் பிறகு மண் காயும்வரை சரிவில் ஏற்றாமல் இருப்பதே பாதி வேலை.

பட்டிக்காரன் சொன்ன எண்ணிக்கைக் கணக்கு சரி, ஆனால் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தால் மட்டும் வெறும் தரையில் புல் வராது. ஓடு கட்டிவிட்ட இடத்தில் விதை நிற்கவே இடம் இல்லை. அங்கே வெட்டின முள்ளைப் பரப்பிப் போடுங்கள், தண்ணீர் தேங்கும், காற்றில் வரும் மண்ணும் விதையும் சிக்கும், ஆடும் வாய் வைக்காது. தண்ணீர் கோடு போட ஆரம்பித்த இடத்தில் குறுக்கே சம மட்டத்தில் ஒரே அடுக்காகக் கல் வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அணை கட்டாதீர்கள், தண்ணீர் தாண்டி விழுந்து கீழே குழி பறிக்கும். முட்புதரையும் முழுக்க அழிக்க வேண்டாம், அதன் நிழலுக்குள் ஒளிந்திருக்கும் புல்தான் உங்கள் விதைக் களஞ்சியம்.

மண்கண்டம்:
ஓடைக்கரை சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், பதிந்த கல்லை நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். காற்றில் வரும் மண் என்றதும் ஞாபகம் வந்தது. கலிபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்தின் சீமா எரிமலைப் பகுதியில் பார்த்திருக்கிறார்கள், பாறைமேல் இருக்கும் பொடிமண்ணில் பெரும்பகுதி அந்தப் பாறை சிதைந்து வந்தது இல்லை, காற்று கொண்டுவந்த தூசு. கல் இடுக்கில் விழுந்து அடியில் சேர்ந்து, கல்லையே மெதுவாக மேலே தூக்கிக்கொண்டு மண் வளர்ந்திருக்கிறது. கல் இல்லாவிட்டால் அந்தத் தூசு நிற்காது.

குன்றடி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் குன்றில்தான் இருந்தேன். ஏழு இடத்தில் கல்லைப் புரட்டினேன். மேல்சரிவில் ஐந்திலும் அடியில் வெள்ளைப் பூச்சு, வினிகர் நுரைத்தது. மழை நின்று ஒன்பது நாள் ஆகிறது, கல்லுக்கு அடியில் மண் இன்னும் கையில் ஒட்டுகிறது, ஒரு முழம் தள்ளி வெறும் தரை சுட்ட செங்கல் மாதிரி. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியில் புரட்டிய இரண்டில் ஒன்று வெள்ளைப் பக்கம் மேலே கிடந்தது, மற்றது நெம்பவே முடியாதபடி பதிந்திருந்தது. புல் செத்த திட்டெல்லாம் அந்த வழியைச் சுற்றித்தான். இத்தனை வருடம் தினமும் நடந்த வழி, இப்போதுதான் கண்ணில் படுகிறது.

பொக்லைன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தொட்டியை அடிவாரத்து ஆழமான மண்ணை விட்டு எதிர்ப்பக்க மேட்டுக்கு மாற்றலாமா, இல்லை இரண்டு தொட்டி வைத்து மாற்றி மாற்றித் திறப்பது நல்லதா? சரிவு அங்கே 20 சதவீதம் இருக்கும்.

பட்டிக்காரன்:
இரண்டு வையுங்கள். ஒன்றை இடம் மாற்றினால் சேதமும் இடம் மாறும், அவ்வளவுதான். மழைக்காலம் முழுக்க மேட்டுத் தொட்டியை மூடி வையுங்கள், புல் விதை கட்டி உதிர்த்த பிறகு திறந்துவிடுங்கள். முதல் வருடம் புல்லைத் தேடாதீர்கள், கல்லுக்கு அடியில் ஈரம் எத்தனை நாள் நிற்கிறது என்று மட்டும் குறித்துவைத்து இங்கே எழுதுங்கள்.